பெட்டியை மறைத்துச் சுட்டபோது

விலை தெரியாமல் ஒரு பொருளின் தரத்தைச் சொல்ல உங்களால் முடியுமா? முடியும் என்றுதான் ஷாஜனும் சொன்னார்.

பூதப்பாண்டி சாலையில் உள்ள துப்பாக்கிச் சங்கத்தில் அவர் மூத்த வீரர். எல்லாருக்கும் தோட்டா வரவழைத்துக் கொடுப்பதும் அவர்தான். அபினா அங்கே சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. கடியப்பட்டணத்துக்காரி. அம்மா டெல்சிக்கு மீன் வியாபாரம். இவளுக்கு நாகர்கோவிலில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஞாயிறுதோறும் பஸ் ஏறி வந்து, சங்கத்தின் பாயிண்ட் டூ டூ பிஸ்டலால் இருபத்தைந்து மீட்டர் இலக்கைச் சுடுவாள்.

மாநிலப் போட்டிக்கு ஆள் தேர்வு செய்ய ஐந்து வாரம் இருந்தது. அறுநூறுக்கு ஐந்நூற்றுப் பத்து எடுத்தால் இடம். அவள் ஐந்நூறைத் தாண்டியதில்லை. சிவப்புப் பெட்டியில் வரும் வெளிநாட்டுத் தோட்டா என்றால், அவள் சம்பளத்துக்கு வாரம் ஐம்பதுதான் சுடலாம். காக்கி அட்டைப்பெட்டியில் வரும் உள்நாட்டுத் தோட்டா பாதி விலை. பயிற்சி இரட்டிப்பாகும்.

"ஏட்டி, காக்கிப் பெட்டி ஒண்ணுக்கும் கொள்ளாது," என்றார் ஷாஜன். "சாளை வெலைக்கு நெய்மீன் கேக்காத."

பக்கத்தில் நின்ற இருவர் சிரித்தார்கள். கடற்கரைப் பெண்ணிடம் தோட்டாவைப் பற்றிப் பேசினாலும் அவர்கள் வாயில் மீன்தான் வரும்.

வீட்டில் சொன்னபோது டெல்சி கேட்டாள்: "ஈயக்குண்டுதானே மக்கா? வலையில கெட்டுறது ஒரு சாக்கு கெடக்கு. அள்ளிட்டுப் போ."

அபினா சிரித்து ஓய்ந்தாள். பிறகு அந்த மீன் பேச்சையே யோசித்தாள். அம்மா மீன் எடுக்கும்போது விலை கேட்பதற்கு முன்னால் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். தோட்டாவுக்குச் செவுள் எது?

அடுத்த ஞாயிறு இரண்டு பெட்டியும் வாங்கினாள். பிஸ்டலை மணல்மூட்டைமேல் வைத்துச் சுட்டு, தாளில் விழுந்த துளைகளை அளந்தாள். சிவப்பு இரண்டு சென்டிமீட்டருக்குள் விழுந்தது. காக்கி மூன்று. இலக்கின் நடுவே பத்து மதிப்பெண் வட்டத்தின் அகலம் ஐந்து. இரண்டுமே அதற்குள் அடங்கும். மூட்டை இல்லாமல் அவள் கை சுட்டதோ பத்து சென்டிமீட்டருக்குச் சிதறியது. குறை பெட்டியில் இல்லை, பயிற்சியில்.

"மணல்மூட்டைக்கு என்ன தெரியும்? என் கைக்குத் தெரியும்," என்றார் ஷாஜன்.

"அப்ப கையவே கேப்போம் அண்ணே."

பரிசோதனைக் கூடத்தில் ரத்தக் குப்பியின்மேல் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். பணக்காரன் ரத்தமா, பாவப்பட்டவன் ரத்தமா என்று கருவிக்குத் தெரியாது. அதே முறையில், சுடுதளப் பொறுப்பாளர் ரத்தினம் ஒவ்வொரு முறையும் மறைவில் பிஸ்டலில் தோட்டா நிரப்பி மேசையில் வைத்தார். எந்த முறை எந்தப் பெட்டி என்பது அவர் சட்டைப்பையில் மடித்த தாளில் இருந்தது. நான்கு முறை ஐந்தைந்தாகச் சுட்ட ஷாஜன், இரண்டாவதும் மூன்றாவதும்தான் வெளிநாடு என்று சட்டென்று சொன்னார்.

ரத்தினம் தாளை விரித்தார். "ரெண்டும் காக்கிதாம்வே."

"வெயிலு கண்ணுல அடிச்சிட்டு," என்றார் ஷாஜன்.

"வெளிநாட்டு வெயிலா அண்ணே?" என்றாள் அபினா. இந்த முறை அந்த இருவரும் அவளோடு சேர்ந்து சிரித்தார்கள்.

காக்கிதான் உயர்ந்தது என்று அவள் சொல்லவில்லை. அதில் இருநூறுக்கு ஒன்று வெடிக்காமல் போனதையும் எழுதி, அளவுகளோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டினாள். மீதி வாரங்கள் காக்கியிலேயே பயிற்சி செய்தாள்.

தேர்வன்று ஒரு வேகச் சுற்றில் அந்த ஒன்று வந்தது. விசையை இழுத்தாள், வெடிக்கவில்லை. ஷாஜன் தொண்டையைச் செருமினார். அவள் பிஸ்டலைத் தாழ்த்தி, மறு கையை உயர்த்தினாள். விதிப்படி அந்தச் சுற்றை மறுபடி சுடவிட்டார்கள். மொத்தம் ஐந்நூற்றுப் பதினான்கு.

மறுவாரம் பலகையில் அந்தத் தாள் இல்லை. யார் கிழித்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லையாம். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணிடம் ஷாஜன் சிவப்புப் பெட்டியை நீட்டிக்கொண்டிருந்தார். அபினா பையிலிருந்து இன்னொரு பிரதியை எடுத்து, நான்கு மூலையிலும் பசை தடவி ஒட்டினாள்.

உங்கள் ஊர்ச் சங்கத்திலும் ஒரு பலகை இருக்கும். நாளையே போய்ப் பாருங்கள். அதில் அப்படியொரு தாள் இல்லையென்றால், பெட்டியை மறைத்துச் சுடச் சொல்லுங்கள். வந்த கணக்கை ஒட்டச் சொல்லுங்கள்.