கத்தரிப்பூ நிறத் தண்ணீர்

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு பழைய கறுப்புக் கார் நின்றது. என் கணவர் அதைக் கல்முனை கார் ஸ்டாண்டில் வைத்து வாடகைக்கு ஹயர் ஓடினார். நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தேன். காரைப் பற்றி எனக்குத் தெரிந்தது, பின்பக்கத்து இடது கதவை வெளியிலிருந்துதான் திறக்கலாம் என்பது மட்டுமே.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவர் காரின் பொனற் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு அசையாமல் நிற்பதைக் கண்டு முற்றத்துக்குப் போனேன். ஒயில் அளவு பார்க்கும் கம்பி கையில் இருந்தது. அதன் நுனியில் கறுப்பு ஒயிலைக் காணவில்லை. பால் தேத்தண்ணி நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது.

“ஒயிலுக்குள்ள தண்ணி வந்திரிக்கி” என்றார்.

நான் அதை விரலில் தொட்டு உருட்டிப் பார்த்தேன். கொழகொழவென்று, திக்காகக் காய்ச்சிய தேங்காய்ப்பால் போல இருந்தது. எண்ணெயையும் தண்ணீரையும் ஒரு போத்தலில் போட்டுக் குலுக்கி, சற்று நேரத்தில் இரண்டும் பிரிந்து நிற்பதை நான் பிள்ளைகளுக்குக் காட்டுவதுண்டு. இங்கே இரண்டும் பிரியாமல் ஒன்றாகிக் கிடந்தன. அவருக்கு அது பெரிய கவலை. எனக்கு, உள்ளதைச் சொன்னால், கையைக் கழுவவே மனம் வரவில்லை.

சம்மாந்துறையில் உழவு மெஷின்கள் திருத்தும் கராச் ஒன்று இருந்தது. அதை நடத்தியவர்தான் எங்கள் காரையும் பார்ப்பார். என்ஜினின் தலைப்பகுதியை ஹெட் என்பார்கள். அதற்கும் கீழே உள்ள உடம்புக்கும் இடையில் கேஸ்கட் என்ற தகடு ஒன்று இருக்கிறது. அது எரிந்துபோனால், என்ஜினைக் குளிர்விக்கும் றேடியேற்றர்த் தண்ணீர் ஒயிலுக்குள் இறங்கும். ஆனால் நோன்புக்குச் சற்று முன்புதான் புதுக் கேஸ்கட்டைத் தன் கையாலேயே போட்டதாக மெக்கானிக் சொன்னார். பழுதடைந்த ஒயிலை வடித்துப் புது ஒயில் ஊற்றிக் கொடுத்தவர், இனியும் தண்ணீர் வந்தால் யாரோ மூடியைத் திறந்து ஊற்றுகிறார்கள் என்றுதான் அர்த்தம் என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம்.

அவர் பகிடிக்குத்தான் சொல்லியிருப்பார். அடுத்த வாரமும் கம்பியில் தேத்தண்ணி ஒட்டிக்கொண்டு வந்தபோது, அந்தப் பகிடி என் கணவரின் மனத்தில் வேர் பிடித்துவிட்டது.

ஸ்டாண்டில் அவருக்கு அடுத்ததாகக் கார் நிறுத்துபவர் அவருடைய சிறுவயதுக் கூட்டாளி. கடற்கரைப் பக்கத்துக்காரர். இருவரும் ஒரே காலத்தில் சாரதிப் பயிற்சி எடுத்து, ஒரே வாரத்தில் ஸ்டாண்டுக்கு வந்தவர்கள். பொத்துவிலுக்கு ஒரு கலியாண ஹயரை யார் முறை என்று பார்க்காமல் கூட்டாளி எடுத்துக்கொண்டு போனதில் வாய்த்தர்க்கம் வந்து, பிறகு இருவரும் கதைப்பதில்லை. “தேத்தண்ணி குடிக்க நான் கடைக்குள்ள போற நேரம் அவனுக்குத்தான் தெரியும்” என்று சாப்பிடும்போது இவர் சொல்லத் தொடங்கினார். முதலில் சந்தேகமாகச் சொன்னவர், நாலைந்து நாளில் கண்ணால் கண்டவர் போலச் சொன்னார்.

எனக்கு அந்த மனிதர் ஊற்றியிருப்பாரா மாட்டாரா என்பது தெரியாது. வேறொன்றுதான் மனத்தை உறுத்தியது. ஒவ்வொரு நாள் காலையிலும் இவர் றேடியேற்றருக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். காருக்குக் கீழே மணல் காய்ந்துதான் கிடக்கும்.

“அந்தத் தண்ணியெல்லாம் எங்க போகிது?” என்று கேட்டேன்.

“பழைய கார். குடிக்கும்.”

“குடிச்சாலும் அது எங்கயாவது போய்ச் சேரோணும்தானே?”

அவர் காரை எடுத்துக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பாடசாலையில் கரும்பலகைக்கு முன்னால் நிற்கும்போதும் அதுவே ஓடிக்கொண்டிருந்தது. ஒயிலுக்குள் இருப்பது றேடியேற்றர்த் தண்ணீர்தானா, வெளித் தண்ணீரா? தண்ணீருக்கு ஒரு அடையாளம் வைத்தால் தெரிந்துவிடும்.

அடுத்த வீட்டு மாமி பன் என்ற கோரைப்புல்லில் பாய் இழைப்பவர். பன்னைச் சாயத்தில் போட்டு அவிக்கும் நாட்களில் அவருடைய முற்றம் முழுக்கச் சிவப்பும் பச்சையுமாகக் கிடக்கும். அவரிடம் கத்தரிப்பூ நிறச் சாயத்தூள் கொஞ்சம் கேட்டேன். நானும் பாய் இழைக்கப் போகிறேன் என்று நினைத்து மகிழ்ந்துபோனார். காருக்கு என்றதும் ஒரு சிட்டிகையை என் கையில் வைத்துவிட்டு, என் முகத்தைக் கவனமாகப் பார்த்தார்.

காருக்குச் சாயம் போடுவதா என்று கணவர் முதலில் மறுத்தார். பிறகு ஏனோ சம்மதித்தார். கூட்டாளியைப் பிடிக்க இது உதவும் என்று எண்ணியிருக்க வேண்டும். மறுபடி ஒயில் மாற்றினோம். சாயத்தைக் கரைத்து றேடியேற்றருக்குள் ஊற்றினோம். அன்று ஸ்டாண்டுக்குப் போகாமல் நாங்கள் இருவரும் மட்டும் அக்கரைப்பற்று வரை ஓடித் திரும்பினோம். இடையில் எங்கும் இறங்கவில்லை. வந்து காரை முற்றத்தில் விட்டோம். எண்ணெயும் தண்ணீரும் கொஞ்சமாவது பிரிய அவகாசம் வேண்டும், தண்ணீர் பாரம் கூடியதால் அடியில் தங்கும் என்று நான் சொன்னேன்.

காலையில் சுபஹ் தொழுதுவிட்டு வந்து அவர் காருக்குக் கீழே படுத்தார். வெள்ளைப் பீங்கான் பேசின் ஒன்றை உள்ளே தள்ளிவிட்டு நான் குந்தியிருந்தேன். ஒயில் தொட்டியின் அடி நட்டைத் திருகுசாவியால் மெல்லத் தளர்த்தினார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு சொட்டு, அதைத் தொடர்ந்து நூல் போல ஒழுக்கு. வெள்ளைப் பேசினில் கத்தரிப்பூ நிறம் பரவியது.

நான் சந்தோஷத்தில் ஏதோ சொல்லப் போனேன். அவர் கீழே படுத்தபடி பேசினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவன் இல்ல” என்றார்.

சம்மாந்துறைக்கு நானும் கூடவே போனேன். கராச்சில் அந்தக் காலத்தில் பெண்கள் நிற்பதில்லை. மெக்கானிக் நான் உட்கார ஒரு வாங்கைத் துடைத்துப் போட்டார். ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் கேஸ்கட் போட்டபடி நல்லாகவே இருந்தது. அவர் தலையைச் சொறிந்தார். பிறகு ஹெட்டைச் சுத்தமாகத் துடைத்து, மண்ணெண்ணெய் பூசிச் சற்று ஊற விட்டு, மறுபடி துடைத்து உலர்த்தி, மேலே வெண்கட்டித் தூளைத் தேய்த்தார். கரும்பலகையில் எழுதத் தினமும் கையில் பிடிக்கும் வெண்கட்டிக்கு இப்படியும் ஒரு வேலை இருப்பது எனக்குத் தெரியாது. நாங்கள் மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வெள்ளைத் தூளில், தலைமுடி விழுந்தது போல, ஈரக் கோடு ஒன்று மெதுவாக எழும்பி வந்தது.

“வெடிச்சிரிக்கி டீச்சர். சூடேறினா விரியும். ஆறினா மூடிக்கொள்ளும்.”

எப்படி வெடிக்கும் என்று கேட்டேன். கொதித்த என்ஜினுக்குப் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் வெடிக்கலாம் என்றார். ஒட்டிப் பார்த்தாலும் நிற்காது, வேறு ஹெட்தான் வேண்டும், கொழும்பிலும் இனிக் கிடைப்பது கஷ்டம் என்றார்.

அதே வகைக் கார் ஒன்று எங்கே கிடக்கிறது என்று என் கணவருக்குத் தெரியும். சூறாவளியில் தென்னை விழுந்து கூரை நசுங்கிய கார். கூட்டாளியின் வீட்டு வளவில், கோழிகள் அடைகாக்கக் கிடந்தது.

போகாமல் இருக்க அவர் இரண்டு நாள் பல வழி யோசித்தார். கடைசியில் போனோம். கூட்டாளி வாசலுக்கு வந்து, என்னைக் கண்டதால், உள்ளே வரச் சொன்னார். இவர் உட்காரவில்லை. ஹெட் வேண்டும் என்று கேட்பதற்கு முன், நீதான் தண்ணீர் ஊற்றியதாக நினைத்திருந்தேன் என்று நேராகச் சொல்லிவிட்டார். அதைச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கூட்டாளி சாரத்தை மடித்துக் கட்டினார்.

“நான் ஊத்துறதெண்டா பெற்றோல் டாங்கிலதான் ஊத்தியிருப்பன், மச்சான். ஒயிலுக்குள்ள ஊத்திப்போட்டு ஆரு பாத்துக்கொண்டிரிக்கிற?”

ஹெட் வெடித்திருப்பதை நான் சொன்னதும், எப்படி வெடித்ததாம் என்று கேட்டார். கொதித்த என்ஜினுக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றியதால் இருக்கலாம் என்றேன். அவர் முகம் மாறியது. என் கணவரைப் பார்த்தார்.

“லாகுகல றோட்டுல உன்ட கார் கொதிச்சி நிண்டதே. ஓடையில அள்ளிக்கொண்டு வந்து ஊத்தினது ஆரு?”

பொத்துவில் ஹயர்ச் சண்டைக்கு எவ்வளவோ முன்பு நடந்தது அது. வெயிலில் நின்ற இவரைக் கண்டு, தன் பயணிகளை இருக்கச் சொல்லிவிட்டு, வாளியோடு ஓடைக்கு ஓடியவர் கூட்டாளிதான்.

“அப்ப நீ நினைச்சது சரிதான் மச்சான்” என்றார் கூட்டாளி. முதலில் சிரித்தது அவர்தான்.

அன்று பின்னேரமே இருவரும் கோழிகளைக் கலைத்துவிட்டு நசுங்கிய காரின் ஹெட்டைக் கழற்றினார்கள். மெக்கானிக் அதையும் வெண்கட்டி தேய்த்துப் பார்த்த பிறகே பூட்டினார். உள்ளே ஒட்டிய கொழகொழப்பை எடுக்க மெல்லிய ஒயில் ஊற்றி ஓடவிட்டு வடித்தார். முதல் தடவை தேத்தண்ணி. அடுத்த தடவை சாம்பல் நிறம். அதற்குப் பிறகுதான் ஒயில் ஒயிலாகவே வந்தது.

அந்த வெடிப்பு லாகுகலவில்தான் வந்ததா என்று மெக்கானிக்கிடம் தனியாகக் கேட்டேன். இருக்கலாம், நீங்கள் கார் வாங்கும்போதே இருந்திருக்கவும் கூடும் என்றார். எப்படியாவது கண்டுபிடிக்க முடியாதா என்று விடாமல் கேட்டேன். அவர் சாவிகளைக் கழுவிக்கொண்டே, இதற்கு எந்தச் சாயமும் இல்லை டீச்சர் என்றார்.