ஒரு மூடி எண்ணெய்

மொக்கைச்சாமிக்குப் பிள்ளைகள் மூன்று. ஆனால் அவர் அதிகம் கவலைப்பட்டது நான்காவதாக வாசலில் நின்ற அம்பாசடரைப் பற்றித்தான். ஐம்பத்தொன்பதாம் வருடத்து வண்டி. பழனியில் ஒரு டாக்டர் ஓட்டிச் சலித்து விற்றது. அதன் பின்சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, பதினோரு வருடமாக ஆத்தூர்த் தோட்டங்களிலிருந்து திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை ஏற்றினார். மொட்டு விரிவதற்குள் கடையில் இறக்கியாக வேண்டும். அந்தக் காலை ஓட்டம்தான் அவர் வீட்டில் உலை வைத்தது.

எண்பத்தைந்து வாக்கில் இன்ஜின் டக்டக்கென்று சத்தம் போட ஆரம்பித்தது. மேட்டைக் கண்டால் முனகியது. பெட்ரோல் பங்க்கில் ஸ்கூட்டர்காரர்கள் பெட்ரோலோடு ஆயிலும் கலந்து போடுவதை அவர் பார்த்திருந்தார். ஸ்கூட்டருக்கு ஆகிற மருந்து காருக்கு ஆகாதா என்று அவரும் டேங்கில் ஒரு மூடி ஊற்றினார். சத்தம் அடங்கியது, அல்லது அடங்கியதாக அவர் காது முடிவு செய்தது. நல்லதென்று தெரிந்தால் அளவோடு நிறுத்துகிற புத்தி நம் ஆட்களுக்கு என்றைக்கு இருந்தது? ஒரு மூடி இரண்டானது, இரண்டு நாலானது. வண்டி போன பிறகும் செத்த நேரம் ரோட்டில் நீலப் புகை நின்றது.

மெக்கானிக் கிதர் முகம்மது தலையில் அடித்துக்கொண்டார்.

"கொஞ்சமா ஊத்துனா வால்வுக்கு நல்லதுதாண்ணே, இல்லேங்கல. ஆனா ஒங்க வண்டியில ரிங்கு தேஞ்சு போச்சு. தேஞ்சத எண்ணெய் வளத்து விடுமா? இன்ஜினை எறக்கிப் பாக்கணும். பத்து நாளாகும்."

"பத்து நாளு செடி பூக்காம இருக்குமா பாய்?" என்று கேட்டுவிட்டு மொக்கைச்சாமி ஐந்தாவது மூடிக்குப் போனார்.

வைகாசி முகூர்த்தத்துக்கு முதல் நாள். பூவுக்கு வருடத்தில் அப்படி விலை கிடைப்பது ஒரு சில நாட்கள்தான். ஆத்தூரில் அரை ஏக்கர் மல்லிகை வைத்திருந்த சிவனம்மாள், அன்று மூன்று கூடையோடு தானும் முன்சீட்டில் ஏறி வந்தாள். உள்ளே இடமில்லாததால் அவள் கூடைகளை டிக்கியில் வைத்து, மூட முடியாத கதவைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். வழியெல்லாம் புகை அதற்குள் சுருண்டு புகுந்தது.

கமிஷன் கடை முத்துச்சாமி சிவனம்மாளின் முதல் கூடையை மூக்கருகே கொண்டுபோனவர், முகத்தைச் சுளித்து அப்படியே ஒதுக்கி வைத்தார்.

"யோவ் மொக்கைச்சாமி, இது பூக்கூடையா, புகைக்கூண்டா? இத எந்தப் பொண்ணு தலையில வைக்கிறது? இனிமே ஒன் வண்டியில வர்ற பூ என் கடைக்கு வேணாம்யா."

மொக்கைச்சாமிக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. விலையை அடிப்பதற்குத்தான் இந்த நாடகம் என்று நினைத்தார். பாவம், சிவனம்மாள் வாயில்லாப் பூச்சியாக நிற்கிறாள். நாமாவது கேட்க வேண்டாமா?

"நொட்டை சொல்லியே பொழைக்கிறீரா? நானும் தினம் இந்த வண்டியிலதானய்யா ஒக்காந்திருக்கேன்!" என்று கத்தியபடி கூடைக்குள் முகத்தைப் புதைத்து, மூச்சை நன்றாக இழுத்தார். பிறகு வெற்றியோடு நிமிர்ந்தார். "எங்கய்யா பொகை வாசம்? ஒரு வாசமும் இல்லையே!"

சுற்றி நின்றவர்கள் சிரிக்கவில்லை. முத்துச்சாமிதான் குரலைத் தணித்துக் கேட்டார்.

"மல்லிகை வாசமுமா வரல?"

மொக்கைச்சாமி மறுபடி குனிந்தார். மொட்டுகள் கன்னத்தில் குளிர்ச்சியாகப் பட்டன. ஈரம் தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை. எத்தனை வருடம் பெட்ரோல் டியூபை வாயால் உறிஞ்சியிருப்பார், எத்தனை நாள் அந்தப் புகையிலேயே இருந்திருப்பார். மூக்கு எப்போது செத்தது என்பதுகூட அவருக்குத் தெரியாது. பயமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது.

சிவனம்மாளின் மூன்று கூடையும் வாங்க ஆளில்லாமல் வாடின. திரும்பும் வழியில் அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஒரு மாசமாவே அடிக்குதுண்ணே."

"அப்பவே சொல்லக் கூடாதா தாயி?"

"சொன்னா மனசு சங்கடப்பட்டு வராமப் போயிருவீகளோன்னு இருந்துச்சு. ஒங்கள விட்டா அம்புட்டு வெள்ளன யாரு வாரா?"

அன்று மத்தியானமே டேங்கைக் காலி செய்து வெறும் பெட்ரோல் நிரப்பினார். மார்கழிப் பனியில் பூ குறைந்ததும் இன்ஜினை இறக்குவதென்று கிதர் முகம்மதுவிடம் சொல்லிவைத்தார். டிக்கியையும் உள்பக்கத்தையும் சீயக்காய் போட்டுத் தேய்த்தார். சுத்தமாகிவிட்டதா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் காலை டக்டக் சத்தத்தோடு ஆத்தூருக்குப் போனபோது, கூடைகள் வரப்பில் இருக்குமோ இருக்காதோ என்று தூரத்திலிருந்தே எட்டிப் பார்த்தார். இருந்தன. சிவனம்மாளும் நின்றாள்.

"ஏறி ஒக்காந்து மோந்து பாரு தாயி. வாசம் அடிச்சா ஏத்த வேணாம். நான் ஒண்ணும் நெனைக்கமாட்டேன்."

அவள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். டிக்கியையும் திறக்கச் சொல்லித் தலையை உள்ளே விட்டுப் பார்த்தாள்.

"சீயக்காதாண்ணே அடிக்குது. ஏத்துங்க."

ஊர்க் கூடைகளில் பாதியை ஏற்றாமல் விட்டு, டிக்கிக் கதவை இறுக மூடிக்கொண்டு, சிவனம்மாளோடு மார்க்கெட்டுக்குப் போனார். முத்துச்சாமி ஒவ்வொரு கூடையாக மோந்து பார்த்தார். பிறகு தராசில் வைத்தார்.

மீதிக் கூடைகளுக்காக உடனே திரும்பினார்கள். வெறும் வண்டி மேட்டில் முனகியது.

"இப்ப என்ன வாசம் தாயி?"

"பூ வாசம்ணே. எறக்கியும் போகல, வண்டி பூரா நிக்கிது."

வைகாசி வெயில் அதற்குள் சுட ஆரம்பித்திருந்தது. அப்படியும் மொக்கைச்சாமி தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றி மூடினார்.