சொந்தக் குரலில் மூன்று நாள்

கருத்தரங்கில் மைக் பிடிப்பது என்பது, கேட்க விரும்பாதவர்களிடம் நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே இருக்கிற வேலை. கல்லூரி விழாக்களில் 'ஹலோ, ஒன், டூ, த்ரீ' சொல்லித் தொண்டை வறண்ட சக பாவிகளே, என் கதை உங்களுக்குப் புரியும்.

போன மாதம் துறைத்தலைவர் குரலில் மைக்கில் பேசி, டிரைவர் அண்ணாச்சியைக் காலி பஸ்சோடு மணப்பாட்டுக்கு அனுப்பிவைத்தேன். எனக்கு வருகைப்பதிவும் குறைவு. சார் கூப்பிட்டார். "கடல் வரலாற்றுக் கருத்தரங்குக்கு மூணு நாளும் நீதான் மைக். உன் குரல்ல மட்டும் பேசுனா, வருகைக் குறைவுக்குக் கையெழுத்துப் போடுதேன். வேற குரல் கேட்டுச்சு, ஹால் டிக்கெட் கிடையாது."

மைக் டெஸ்டிங்

முதல் நாள் காலை என் குரலில் வரவேற்றேன். அதிகம் புழங்காத குரல். எனக்கே கூச்சமாக இருந்தது. மைக் செட் அண்ணாச்சி வயரை ஆட்டிப் பார்த்தார், பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "ஏலே, செட்டுல கோளாறு இல்ல. இது யாரு குரலு? காய்ச்சக்காரன் மாதிரில்லா இருக்கு."

நமத்துப்போன மக்ரூன்

ஒரு பேராசிரியர் இருபது நிமிடக் கட்டுரையை ஐம்பது நிமிடம் வாசித்தார். மூச்சை அடக்கி முத்துக்குளித்தவர்களைப் பற்றிய கட்டுரை. அவரும் மூச்சுவிடவில்லை. வெளியே டீ ஆறியது. தட்டில் முந்திரி மக்ரூன் கடல்காற்றில் நமத்தது.

கேண்டீன் அக்கா, டிரைவர் அண்ணாச்சியின் மனைவி, எதையும் ஒரே மாதிரிதான் தொடங்குவார். "காது இருக்கா இல்லயா? உங்க சார் குரல்ல 'டீ ரெடி'ன்னு ஒரு சத்தம் குடுலே."

ஹால் டிக்கெட்டை நினைத்து மாட்டேன் என்றேன். அக்கா தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நல்லவனா ஆவதுக்கு உனக்கு வேற நாளே கிடைக்கலயா?"

கொற்கையில் கடல்

இரண்டாம் நாள் விருந்தினர்களைக் கொற்கைக்குக் கூட்டிப்போனோம். பாண்டியர் துறைமுகம் என்றதும் சென்னைப் பேராசிரியர் ஒருவர், கால் நனைக்கப் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு பஸ்சிலிருந்து இறங்கினார். சுற்றிலும் வாழை. கடல் எந்தப் பக்கம் என்று, தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவரிடம் கேட்டார். அவர் மண்வெட்டியை ஊன்றி நிதானமாகச் சொன்னார். "இங்கனதான் இருந்துச்சாம் சார். நீங்க வாரதுக்குக் கொஞ்சம் பிந்திட்டு."

அசையாத பஸ்

மூன்றாம் நாள் மாலை. விருந்தினர்கள் ரயிலைப் பிடிக்க வேண்டும். பஸ் மைதானத்தின் அந்தக் கோடியில் நின்றது. சாரே மைக்கை வாங்கி, "டிரைவர், வண்டிய எடுங்க" என்றார். அசைவில்லை. மறுபடி கூப்பிட்டார். ஜன்னல் வழியாக ஒரு கை மட்டும் வெளியே வந்து ஆடியது. "போலே, மணப்பாடு ஒண்ணு போதும்."

நான் வாயை இறுக மூடிக்கொண்டு சார் பக்கத்திலேயே நின்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "வேற யாரு சொன்னா எடுப்பாரு?"

"அவுக வீட்டம்மா சொன்னா எடுப்பாரு சார். ஆனா அக்கா இப்ப மார்க்கெட்டுக்குப் போயிருக்காவ."

சார் மைக்கை என் கையில் திணித்துவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த நிகழ்ச்சி நிரலை ரொம்பக் கவனமாக வாசிக்கத் தொடங்கினார். அக்கா குரலை நான் அதுவரை யாருக்கும் காட்டியதில்லை.

"காது இருக்கா இல்லயா?" என்றேன். அடுத்த சொல்லுக்கு வேலை வைக்காமல் பஸ் உறுமியது.

எல்லோரும் ரயில் ஏறிவிட்டார்கள் என்று போன் வந்தபிறகு, சார் என் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடாமல், கதவைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "எங்க வீட்டம்மா குரலு உனக்குத் தெரியாதுல்லா?"

தெரியாது சார் என்றேன், சொந்தக் குரலில். அந்தக் குரலில் பொய் சொன்னால் யாருக்கும் அடையாளம் தெரியாது என்பதே அந்தக் கருத்தரங்கில் நான் கண்ட ஆய்வு முடிவு.