முறுக்கு மீசை

என் கணவர் காலமாகி ஏழு மாதம் ஆனபோது, அவருடைய முகம் எனக்கு நழுவத் தொடங்கியது. பூட்ஸின் ஓசையும் சுருட்டு வாசமும் அப்படியே நினைவில் இருந்தன. முகத்தை நினைத்தால் மட்டும் மூக்கு வரும், கண் வராது. கண் வந்தால் மூக்கு போய்விடும். பார்த்துக்கொள்ள வீட்டில் ஒரு புகைப்படம்கூட இல்லை. சுங்காய்க்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அவர், படம் பிடித்துக்கொள்ளலாம் என்று நான் சொல்லும்போதெல்லாம், "மீசை இன்னும் முழுசா ஏறலை, ஏறட்டும்" என்று ஆறு வருடம் தள்ளிப்போட்டார். காய்ச்சலுக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

ஈப்போவில், அடையாளம் சொன்னால் இறந்தவர்களை வரைந்து தரும் சீன ஓவியர் ஒருவர் இருந்தார். கணவரின் தம்பி என்னை ரயிலில் அங்கே அழைத்துச் சென்றார். எனக்கு மலாய் வராது. கொழுந்தனாருக்கு, கடையில் உப்பு வாங்கும் அளவுக்கு வரும்.

"அண்ணி, அண்ணனுக்குக் காது பெருசா, சின்னதா?"

"உங்க காதைவிடச் சின்னது, தம்பி."

"என் காதை ஏன் இழுக்குறீங்க?" என்று அவர் முறைத்தார்.

ஓவியர் தம் மேலுதட்டைத் தொட்டுக் காட்டி, "மிசாய்?" என்றார். மீசை மலாயிலும் மீசையாகவே இருந்ததில் கொழுந்தனாருக்கு உற்சாகம் பொங்கியது.

"முறுக்கு! மிசாய் முறுக்குலா, தவுக்கே!" என்று ஓவியரை முதலாளியாக்கிக் கத்தினார்.

ஓவியர் கரித்துண்டைக் கீழே வைத்தார். "முறுக்கு? பெத்துல்?" நிஜமாகவா என்று கேட்டார்.

"பெத்துல்! ரெண்டு பக்கமும்!"

ஓவியர், வெளியே கடலையும் முறுக்கும் விற்றுக்கொண்டிருந்த நம் தமிழ் ஆள் ஒருவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். எனக்குக் காரணம் விளங்கவில்லை. பிறகு தம் தேநீரை என் பக்கம் நகர்த்திவிட்டு, சீனக் கூத்துப் பாட்டு எதையோ முனகியபடி வரையலானார். ஒரு சொல்லும் புரியாத அந்தப் பாட்டில், பல நாளைக்குப் பிறகு நான் அழாமல் உட்கார்ந்திருந்தேன்.

மறுவாரம் போனபோது அவரே துணியை விலக்கினார். நெற்றி நெற்றியாகத்தான் இருந்தது. மூக்குக்குக் கீழே மட்டும், கன்னத்துக்கு ஒன்றாக, மும்மூன்று சுற்றுச் சுற்றிய இரண்டு முழு முறுக்குகள். எள்ளைக்கூட அவர் விடவில்லை.

"ஐயோ, அண்ணனைப் பலகாரமாக்கிட்டாரே!" என்றார் கொழுந்தனார்.

ஓவியருக்கு ரோஷம் வந்துவிட்டது. மேசை இழுப்பறையிலிருந்து, ஓரம் கடிபட்ட ஒரு முறுக்கை எடுத்துப் படத்தருகே பிடித்து, "சாமா!" என்றார். உண்மைதான், வித்தியாசமே இல்லை.

நான் சிரித்துவிட்டேன். வாய்விட்டு, கண்ணில் நீர் வர, நிறுத்த முடியாமல் சிரித்தேன். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்று கொழுந்தனார் தண்ணீர் தேடி ஓடினார். காலையில் கண்ணாடி முன் தேங்காய் எண்ணெய் தடவி, ஒரு பக்க மீசை நிமிர மறுபக்கம் தொங்க, நான் சிரிப்பதைக் கண்டு கோபிக்க முயன்று தோற்ற அந்த முகம் வந்தது. கண்ணும் மூக்கும் சேர்ந்தே வந்தன.

தண்ணீரோடு திரும்பிய கொழுந்தனார் தம் மேலுதட்டில் விரலால் முறுக்கிக் காட்ட, விஷயம் புரிந்ததும் ஓவியர், "சாலா, சாலா" என்று தவற்றுக்கு வருந்தி, படத்தை அழிக்கப் போனார். நான் குறுக்கே கை வைத்தேன்.

"அண்ணி, திவசத்துக்கு இதையா வைக்கிறது? தோட்டமே சிரிக்கும்லா!"

"சிரிக்கட்டும், தம்பி. மீசை முழுசா ஏறட்டும்னுதானே உங்க அண்ணன் காத்திருந்தாரு? ஏறிடுச்சு."

ஓவியர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, கையிலிருந்த முறுக்கை மூன்றாக உடைத்தார்.