தோளை அழுத்திய கை

நான் பெயின்ட் அடிக்கிறவன். சாரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டதில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. பல நாடுகளில் நடக்கும் ஒரு மருந்து ஆராய்ச்சியில், பெங்களூரு ஆஸ்பத்திரி ஒன்றில் என்னையும் சேர்த்திருந்தார்கள்.

பரிசோதனையன்று கண்ணை மூடச் சொல்லி, டாக்டரம்மா ஊசி முனையால் என் காலைத் தொட்டார். "தெரியுதா?"

தலைமாட்டில் நின்ற என் மனைவி மேரி உடனே என் தோளை அழுத்தினாள். 'தெரியுது' என்று சொல்லச் சொல்கிறாள். இல்லையென்றால் ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம்.

தோளில் அவள் விரல்கள் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தன. தெரிவது என்றால் இதுதானே! யாரையும் எதிர்த்துப் பேசாத எனக்குக் கோபம் வந்தது.

"கைய எடு மேரி. மேடம், எனக்கு ஒண்ணுமே தெரியல. அப்படியே எழுதிக்கோங்க."

டாக்டரம்மா மேரியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். எல்லாவற்றுக்கும் "இல்ல" என்றேன்.

விவேக் நகரில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் மேரி பொரிந்து தள்ளினாள். "ஆமான்னு சொன்னா வாய் சுளுக்கிக்குமா? பெரிய அரிச்சந்திரன்!"

"தெரியற அன்னிக்கு நானே கத்துறேன்டி. நம்ம ஏரியா சர்ச் வரைக்கும் கேக்கும்."

அவர்கள் என்னை நீக்கவில்லை. காலில் இன்னும் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த பரிசோதனைக்கும் போவேன். இல்லையென்றால் இல்லை என்றே சொல்வேன். அப்போதுதான் என்றாவது நான் சொல்லப்போகும் 'ஆமாம்' என்பதை நானே நம்ப முடியும்.