பிரேக்குக்கு ஒரு சொட்டு நல்லெண்ணெய்

பிரேக் பிடித்தால் என் மலை சைக்கிள் கத்தும். கொஞ்சநஞ்சக் கத்தல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் தியாகதுருகத்தில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பி, தெருமுனையில் பிரேக்கைத் தொட்டால் படுத்திருக்கும் நாய்கள் எழுந்து நிற்கும். சக்கரத்தின் நடுவில் இருக்கும் இரும்புத் தட்டை இரண்டு சின்ன பேடுகள் கவ்விப் பிடிக்கும் டிஸ்க் பிரேக் அது. பேடில் உலோகத்தூள் கலந்திருப்பதால் சத்தம் வரும், ஆனால் மலை இறக்கத்தில் அதுதான் நிற்கும் என்று சொல்லித்தான் கடைக்கார பாய் அதை மாட்டிக் கொடுத்தார். கள்ளக்குறிச்சியில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். ஞாயிறுதோறும் மலையில் சைக்கிள் ஓட்டும் எங்கள் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர்.

என் மாமியாருக்கு அந்தச் சத்தம் ஆகவே ஆகாது. மருமகள் ஒரு டீச்சர், முழங்காலில் கவசமும் தலையில் ஹெல்மெட்டுமாக மலைக்குப் போவதை ஒருமாதிரி விழுங்கிக்கொண்டார். ஊருக்கே அறிவித்துவிட்டுப் போவதைத்தான் தாங்க முடியவில்லை.

"இன்னாமா இது, தெரு பூரா எழுப்பிக்கினு போற? யாராவது கேட்டா நா இன்னான்னு சொல்றது?"

"மருமவ மலைக்குப் போறான்னு சொல்லுங்கத்த," என்பேன். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டில் டிராக்டர், மருந்தடிக்கும் மிஷின், அரிவாள், என் ஸ்கூட்டி வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. சைக்கிளுக்கு மட்டும் கிடையாது. அது மாட்டுக் கொட்டகைச் சுவரில் சாய்ந்தபடி கிடக்கும். போன வருடம் நான் கடைத்தெருவில் பொரி வாங்கிக்கொண்டு திரும்பியபோது அது டிராக்டருக்குப் பக்கத்தில் நின்றது. கழுவித் துடைத்து, ஹேண்டில்பாரில் சாமந்திச் சரம் சுற்றி, சந்தனப் பொட்டு வைத்திருந்தார் மாமியார். உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டேன். கண் கலங்கிவிட்டது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

மறுநாள் விஜயதசமி லீவு. வீட்டு வாசலுக்கே குட்டியானை லாரி வந்து சைக்கிளை ஏற்றிக்கொண்டது. கூட்டத்தோடு வெள்ளிமலையில் போய் இறங்கினோம். அங்கே சாமைக் கொல்லைகளுக்கு நடுவே கீழே இறங்கும் ஒற்றையடிப் பாதை எங்களுக்குப் பிடித்த தடம். முதலில் செம்மண், ஒரு வளைவு, அதற்கப்புறம் உருட்டுக்கல் பள்ளம். சீட்டைத் தாழ்த்தி, டயரில் கொஞ்சம் காற்றைக் குறைத்து, கையுறை மாட்டிக்கொண்டு முதல் ஆளாக இறங்கினேன். வளைவு வருவதற்குள் இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். சத்தமே இல்லை. வேகமும் குறையவில்லை.

ஹேண்டில்பாரைக் கொல்லைப் பக்கம் திருப்பிவிட்டேன். சைக்கிள் ஒருபக்கம், சாமைக் கதிருக்குள் நான் ஒருபக்கம். முழங்கால் கவசம் சிராய்த்ததோடு போயிற்று. எழுந்து பார்த்தால், பத்தடி எதிரே அந்த உருட்டுக்கல் பள்ளம்.

பின்னால் வந்த பாய் சைக்கிளைத் தூக்கி நிறுத்தினார். பிரேக் தட்டை விரலால் தடவி மோந்து பார்த்தார்.

"இன்னா டீச்சர், நல்லெண்ண வாசன வருது?"

எனக்குப் புரிந்துவிட்டது. கேட் கீல் கிறீச்சிட்டாலும், தையல் மிஷின் முரண்டு பிடித்தாலும் மாமியாரின் கை போவது நல்லெண்ணெய்க் கிண்ணத்துக்குத்தான். பூஜையோடு பூஜையாகச் சத்தத்துக்கும் வைத்தியம் பார்த்துவிட்டார்.

"பேடுல எண்ண ஊறிப்போச்சுங்க. தூக்கிப் போட்டுட்டு வேற மாத்தணும். இன்னிக்கி தள்ளிக்கினே வாங்க."

வண்டி நின்ற இடம் வரை தள்ளிக்கொண்டே வந்தேன். வழியெல்லாம் ஒரே யோசனை. சொன்னால், மலையும் வேண்டாம் சைக்கிளும் வேண்டாம் என்று வீட்டில் ஒரே பேச்சாக முடித்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் மறுபடியும் எண்ணெய் விழும், அப்போது விழுவதற்குச் சாமைக் கொல்லை இருக்காது. கோபம் வந்தது. ஆனால் அந்தச் சாமந்திச் சரம் இன்னும் ஹேண்டில்பாரில்தான் இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததுமே, "சத்தம் போச்சா?" என்று கேட்டார். குரலில் ஒரு பெருமை.

"போச்சுங்கத்த. பிரேக்கும் போச்சு. அந்தத் தட்டுல எண்ண படக்கூடாது."

அவர் பார்வை என் முழங்காலுக்கு இறங்கியது. "உழுந்துட்டியா?"

"கொல்லையிலதான். அடி ஒண்ணும் இல்ல."

விருட்டென்று உள்ளே போய்விட்டார். அந்த வாரம் முழுக்க என்னிடம் சரியாகப் பேசவில்லை. என் கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை புது பேடு போட்ட சைக்கிளை வெளியே எடுத்தால், கேட் பூட்டியிருக்கிறது. சாவியோடு மாமியார் நிற்கிறார்.

"புடிச்சிக் காட்டு."

வாசலில் கொஞ்சம் உருட்டிப் பிடித்தேன். கத்தியது.

"இன்னொரு தபா."

இன்னும் பலமாகக் கத்தியது. எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. "இன்னாங்க காலங்காத்தால?" என்றார் எதிர் வீட்டுக்காரர்.

மாமியார் நிதானமாகப் பூட்டைத் திறந்தார்.

"எம் மருமவ மலைக்குப் போறா. அது கத்தினாத்தான் நிக்கும்."