பாலைக் கட்டை

முசலிக் கரையில் நான் படித்த பள்ளிக்கூடத்தை பழைய பொருட்கள் வைக்கும் நூதனசாலை ஆக்கியிருக்கிறார்கள் என்று மகள்தான் சொன்னாள். வெள்ளைக்காரன் காலத்தில் கோயில் வளவுக்குள் கட்டிய ஒற்றை மண்டபம். சண்டையில் கூரை போய்ச் சுவர் மட்டும் மிஞ்சியதை, வெளிநாட்டில் இருக்கும் ஊர்ப்பிள்ளைகள் பழையபடி எழுப்பியிருந்தார்கள். எனக்குப் போக விருப்பம் இல்லை. எண்பது தாண்டிய பிறகு இன்னொரு சந்தர்ப்பம் வராது என்று சொல்லி மகள் காரில் ஏற்றினாள்.

உள்ளே பிள்ளைகள் இருந்து படித்த வாங்குகள், சிலேட்டுகள், சுவரில் இங்கிலாந்து மன்னரின் படம். ஒரு இளம் பெண் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தாள். மூலையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பாலைமரக் கட்டை கிடந்தது. நுனியில் துருப்பிடித்த இரும்பு வளையம். பழைய அத்திவாரத்தைத் திருத்தத் தோண்டும்போது மண்ணுக்குள் கிடைத்ததாம்.

“கதவுக்கு முட்டுக்கொடுத்த கட்டை, ஐயா. வளையம் தூக்கிறதுக்கு,” என்றாள்.

நான் குனிந்து அந்த வளையத்தைத் தொட்டேன். மகள் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டாள்.

அந்தக் கட்டை என் அண்ணனின் காலில் கிடந்தது. அவனுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு எட்டு. வள்ளங்கள் கரைக்கு வரும் நேரம் வகுப்பில் இருக்க அவனால் முடியாது. பின்பக்கத்தால் நழுவிவிடுவான். பிடிபட்ட நாட்களில் தலைமை வாத்தியார் அவன் கணுக்காலில் சங்கிலியைச் சுற்றி, அதை இந்த வளையத்தில் கோத்துப் பூட்டுவார். திறப்பு அவருடைய சட்டைப் பையில் இருக்கும். ஒன்றுக்குப் போவதென்றாலும் கட்டையைத் தூக்கிக்கொண்டுதான் போகவேண்டும். பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

அன்றைக்கு விடியவே அண்ணனுக்குக் குளிர்காய்ச்சல். அம்மா படுக்கச் சொன்னா. வராவிட்டால் வாத்தியார் வீட்டுக்கே ஆள் அனுப்புவார் என்ற பயத்தில் அவன் என்னோடு வந்தான். முதல் பாடத்திலேயே எழுந்து வெளியே போய்ப் பூவரச மரத்தடியில் சுருண்டு படுத்துவிட்டான். ஓடப் பார்க்கிறான் என்று நினைத்து வாத்தியார் இழுத்துக்கொண்டு வந்தார். காய்ச்சல் என்று அவன் சொன்னதை அவர் நம்பவில்லை. என் பக்கம் திரும்பினார்.

“உன்ர அண்ணனுக்குக் காய்ச்சலோ?”

முதல் நாள் அவன் என்னைக் கரையில் அழவிட்டுவிட்டுக் கூட்டாளிகளோடு வள்ளத்தில் போயிருந்தான். அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை.

“இல்லை வாத்தியார். அண்ணன் நேற்றும் வள்ளத்தில போனவர்,” என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்தான். வாத்தியார் பூட்டைப் போட்டார்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிட வீட்டுக்குப் போனோம். அவன் கட்டையோடு கிடந்தான். அம்மா சோறு போட்டுக்கொண்டே அவன் எங்கே என்று கேட்டா. பிறகு வருவான் என்று சொல்லிவிட்டு நான் சாப்பிட்டேன். திரும்பிப் போனபோது அவன் கன்னத்தைச் சீமெந்துத் தரையில் வைத்துக் கண்ணைப் பாதி திறந்தபடி கிடந்தான். பள்ளி விட மணி அடித்த பிறகே வாத்தியார் பூட்டைத் திறந்தார். அண்ணனால் எழும்ப முடியவில்லை. பெரிய வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் தூக்கி வந்தார்கள்.

ஆற்றில் வெள்ளம். மன்னார் ஆசுப்பத்திரிக்கு வண்டில் போக வழியில்லை. ஊரில் வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி ஐயா வந்து காய்ச்சலுக்குக் கொயினா மருந்து கொடுத்தார். மூன்றாம் நாள் மத்தியானம் அண்ணன் செத்துப்போனான். உடம்பைக் குளிப்பாட்டும்போது அம்மா அவன் கணுக்காலில் இருந்த காயத்தைக் கண்டா.

அடக்கம் முடிந்த மறுநாள் அம்மா என்னையும் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனா. எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் வாத்தியாரிடம் கேட்டா.

“காய்ச்சல் எண்டு என்ர பிள்ளை சொல்லேல்லையோ?”

“சொன்னவன். நான் நம்பேல்லை,” என்றார் அவர்.

அவ்வளவுதான் சொன்னார். நான் சொன்ன மறுமொழியை அவர் சொல்லியிருக்கலாம். என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த மாதம் வேறெங்கோ மாற்றலாகிப் போய்விட்டார். அம்மா சாகும்வரை அந்த மனிதரைத் திட்டிக்கொண்டே இருந்தா. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். கட்டை போடாவிட்டாலும் அந்தக் காய்ச்சல் ஆளைக் கொண்டுபோயிருக்கும் என்று அப்போதிக்கரி ஐயா சொன்னதாக ஊரில் கதைத்தார்கள். எத்தனையோ வருடங்கள் அதைப் பிடித்துக்கொண்டு இருக்கப் பார்த்தேன், முடியவில்லை.

கட்டை எதற்கு என்பதை மட்டும் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் கடதாசியும் பேனையும் கொண்டுவந்து, கட்டைக்குப் பக்கத்தில் போடுவதற்கு நடந்ததை என்னையே எழுதித் தரச் சொன்னாள். சங்கிலி, பூட்டு, காய்ச்சல், மூன்றாம் நாள் எல்லாம் எழுதிக் கொடுத்தேன். வாசித்துவிட்டு, “என்ன மனுசன் அந்த வாத்தியார்,” என்றாள்.

கடதாசியைத் திருப்பி வாங்கி, அவர் என்னிடம் கேட்டதையும் நான் சொன்னதையும் அடியில் எழுதினேன். மகள் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இதையும் போடவேணுமோ, ஐயா?” என்று அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்.

“ஓம், போடுங்கோ.”

மகள் காரை மன்னார்ப் பாலத்துக்கு ஓட்டி வந்தாள். பாலத்தில் ஏறியதும், “அப்பம்மாவுக்குத் தெரியுமோ, அப்பா?” என்று கேட்டாள்.

தெரியாது என்றேன்.